கொழுந்து போகும் ரோடு

மலைநாட்டில் சமதளமே கிடையாது என்பவர்கள் அதை ரயில் ஜன்னலால் மட்டும் பார்த்தவர்கள். சமதளம் உண்டு. எட்டுப் பத்தடி அகலத்தில், மலையின் இடுப்பைச் சுற்றி, ஒரு மடிப்புக்குள் புகுந்து மறைந்து அடுத்த மடிப்பில் வெளிப்பட்டு, மைல் கணக்கில் ஓடுகிறது. ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் எதிர்மலைத் தேயிலைக்கு நடுவே ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கோடுகள் தெரியும். அவைதான் தோட்டத்து ரோடுகள். வாகன இரைச்சல் இல்லாமல், பெரிதாக மூச்சு வாங்காமல், ஒரு முழுப் பகலும் சைக்கிள் ஓடுவதற்கு இந்த நாட்டில் இதைவிட நல்ல இடத்தை நான் காணவில்லை.

இதை ஒரு யாழ்ப்பாணத்துக்காரன் சொல்வது கொஞ்சம் விசித்திரம்தான். எங்கள் பக்கத்தில் ஏற்றம் என்றால் மதகு. மற்றபடி ஊர் முழுவதும் தட்டை. மலைக்குப் பதிலாக எங்களுக்குக் காற்று இருக்கிறது; சோளகம் அடிக்கும் மாதங்களில் காரைநகர்த் தாம்போதியில் எதிர்க்காற்றுக்கு உழக்கிப் பார்த்தவனுக்கு அது எவ்வளவு பெரிய மலை என்று விளங்கும். தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில் விறகு, வெங்காயம், நோயாளி, கல்யாணப் பெண் எல்லாமே சைக்கிள் கரியரில் போன ஊர் அது. தட்டை நிலத்துக் கால்கள் எனக்கு. அவற்றை மலைக்குக் கொண்டுபோகும் எண்ணம் வந்ததற்குக் காரணம் ஒல்லாந்தில் இருக்கும் மைத்துனர்.

அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் படம் அனுப்புவார். கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் பொல்டர் நிலம். அணை கட்டித் தண்ணீரை இறைத்து வெளியேற்றி மீட்ட வயல்கள். நடுவே நூல் பிடித்தாற்போலக் கால்வாய், அதன் கரையில் கார் நுழையக் கூடாத சைக்கிள் ரோடு. வேறு ஒன்றுமே இல்லை படத்தில். தண்ணீர், சமதளம், வாகனமில்லாத ரோடு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் நம் நாட்டில் எங்கே கிடைக்கும் என்று யோசித்தால் முதலில் நினைவுக்கு வருவது வத்தளையிலிருந்து நீர்கொழும்புக்குப் போகும் கால்வாய். 1802இல் முத்துராஜவெல சதுப்பின் உப்புத் தண்ணீரை வடிக்கவென்று ஆங்கிலேயர் வெட்டத் தொடங்கிய ஹமில்டன் கால்வாய் அது. ஆனாலும் ஊர்ச்சனம் ஒல்லாந்தர் கால்வாய் என்றே சொல்லும். தண்ணீரும் சமதளமும் அங்கே தாராளம். மூன்றாவது இல்லை. முச்சக்கரவண்டிக்கு வழிவிட்டு வழிவிட்டே நாள் கழிந்துவிடும்.

அந்தக் கால்வாயின் வாயில் சேரும் களனி கங்கை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டே மேலே போனால் இரண்டு ஆறுகள். ஒன்று மஸ்கெலியா ஓயா. மற்றது கெஹெல்கமு ஓயா. இரண்டையும் மலைக்கு மேலே மறித்து ஏரிகளாக்கியிருக்கிறார்கள். கெஹெல்கமு ஓயாவை மறித்த ஏரிதான் காசல்ரீ. அதன் கரையோரத் தோட்டங்களிலும், அதற்கு மேலே நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவை வரையான பள்ளத்தாக்கிலும் மைத்துனரின் மூன்றும் இருக்கின்றன. உயரம்தான் வேறு. ஒல்லாந்தின் கால்வாய்க் கரையிலிருந்து செங்குத்தாக ஒரு கிலோமீற்றருக்கு மேல்.

ஹட்டனுக்கு ரயில் வந்தது 1884இல். அந்த ஊரே ரயிலைச் சுற்றி எழுந்த ஊர். சைக்கிளைக் கார்ட் பெட்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினேன். பெப்ரவரி மாதம், சிவனொளிபாதமலைப் பருவம். மார்கழிப் போயாவில் தொடங்கி வெசாக் வரை மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகும் பஸ்களும் வேன்களும் ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா என்று வரிசை பிடித்து இறங்கும். அந்தப் பெரிய ரோட்டில் சைக்கிள் ஓடுவது தண்டனை. வளைவுக்கு வளைவு ஹோர்ன், ஓரத்தில் கான், கானுக்கு அப்பால் பள்ளம். டிக்கோயா வரை பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் திரும்பினேன். இருநூறு யார் போனதும் பஸ் சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. டயருக்குக் கீழே கல் நொறுங்கும் சத்தம் மட்டும்.

இந்த ரோடுகள் எப்படி இவ்வளவு மட்டமாக வந்தன? நில அளவை படித்த பொறியியல் மாணவர்களுக்கு ஒரு கருவியைத் தெரிந்திருக்கும். அதன் பெயர் சிலோன் காட் டிரேசர். இந்தியக் கல்லூரிகளின் பாடப்புத்தகங்களிலும் சிலோன் பெயரோடுதான் இருக்கிறது. நிலத்தில் ஊன்றிய தண்டின் உச்சியில் ஒரு பித்தளைக் குழாய் தொங்கும். குழாயோடு ஒரு எடை முன்னும் பின்னும் நகரும். சுழியத்தில் நின்றால் குழாய் கிடைமட்டம். நகர்த்தினால் எத்தனை அடிக்கு ஓரடி இறக்கம் வேண்டுமோ அந்தச் சாய்வு. குழாயின் உயரத்துக்கே பலகை தாங்கிய கம்பொன்றைப் பிடித்துக்கொண்டு இன்னொரு ஆள் காட்டுக்குள் முன்னே போவான். துரை குழாய்க்குள்ளால் பார்த்து ‘மேலே, மேலே, கீழே’ என்று கத்துவார். பலகையின் கோடும் குழாயின் குறுக்குக் கம்பியும் ஒன்றானால் அந்த இடத்தில் முளை. முளைக்கு முளை மண்ணை வெட்டினால் ரோடு.

கணக்குப் போடத் தேவையில்லை, மலையின் உயரம் தெரியத் தேவையில்லை. கண் இருந்தால் போதும். அப்படிப் போட்ட ரோடு மலை வளைகிற இடமெல்லாம் வளையும், ஆனால் ஏறாது. மாட்டுக் கரத்தைக்காகப் போட்டது அது. ரயில் நிலையத்துக்குத் தேயிலைப் பெட்டியும், திரும்பி வரும்போது தோட்டத்துக்கு அரிசி மூட்டையும் ஏற்றிய கரத்தை செங்குத்தான இறக்கத்தில் மாட்டை முந்திக்கொண்டு ஓடும். மாட்டின் கழுத்துக்காகச் செய்த தயவு நூறு வருடம் கழித்து என் முழங்காலுக்குக் கிடைத்தது.

ரோட்டுக்கு மேலேயும் கீழேயும் இன்னும் மட்டமான கோடுகள் உண்டு. அவை கான்கள். மைத்துனருக்குக் காட்ட வேண்டிய கால்வாய் இதுதான் என்று தோன்றியது. ஒரு முழ அகலம்கூட இல்லை. ஆனால் ஒரு தோட்டத்தில் உள்ள கான்களை நீட்டி வைத்தால் எந்தக் கால்வாய்க்கும் குறையாது. யாழ்ப்பாணத்தில் வருடத்துக்கு 1,200, 1,300 மில்லிமீற்றர் மழை பெய்தால் நல்ல வருடம். இங்கே வட்டவளைப் பக்கம் அது 5,000ஐத் தாண்டும். கான் இல்லாவிட்டால் தென்மேற்குப் பருவம் ஒன்றிலேயே மேல்மண் ஆற்றுக்குப் போய்விடும். கானுக்குள் சில அடிக்கு ஒரு மண்திட்டை வெட்டாமல் விட்டிருப்பார்கள், கானின் ஆழத்தைவிடக் கொஞ்சம் தணிவாக. தண்ணீர் அதில் முட்டி நின்று, அடித்து வந்த மண்ணைக் கீழே விட்டுவிட்டு, திட்டுக்கு மேலால் வழிந்து அடுத்த குழிக்குப் போகும். ஒல்லாந்தர் தண்ணீரை வெளியேற்றி நிலம் பிடித்தார்கள். இங்கே தண்ணீருக்கு வழியும் விட்டு மண்ணையும் பிடிக்க வேண்டியிருக்கிறது. கான் வெட்டு ஆண்களின் வேலை, நாளுக்கு இத்தனை அடி என்று கணக்கு. நான் கண்ட இருவர் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு கானுக்குள் நின்றார்கள். நிமிர்ந்து சைக்கிளைப் பார்த்து, சிரித்து, மறுபடி குனிந்தார்கள்.

காசல்ரீயின் கரை கையின் விரல்களைப்போல மலைகளுக்குள் நீண்டு கிடக்கிறது. அதனால் கரையோர ரோட்டில் வேடிக்கையான ஒன்று நடக்கிறது. அக்கரையில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கொடியில் உலரும் சேலையின் கரை நிறம்கூடத் தெரிகிறது, கூப்பிட்டால் கேட்கும். அங்கே போய்ச் சேர அரை மணித்தியாலம். ரோடு ஒவ்வொரு விரலிடுக்குக்குள்ளும் போய், ஓடை விழும் இடத்தில் ஒரு சின்னப் பாலம் கடந்து, வெளியே வருகிறது. அவசரக்காரனுக்கு இது வதை. எனக்கு அந்தச் சேலையை மூன்று கோணத்தில் பார்க்கக் கிடைத்தது.

அணை முடிந்தது 1965 அளவில். கெஹெல்கமு, மஸ்கெலியா ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918லேயே இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் கட்டுரை படித்தார். அரசாங்கம் காது கொடுக்க முப்பது வருடம் போனது. முதலாவது லக்சபான நிலையம் 1950இல்தான் இயங்கியது. காசல்ரீத் தண்ணீர் சுரங்கத்தால் இறங்கிச் சுழற்றும் நிலையத்துக்கு இப்போது அவருடைய பெயர். பக்கத்துப் பள்ளத்தாக்கில் 1969இல் மவுசாகலை அணை எழும்பியபோது பழைய மஸ்கெலியா ஊர் தண்ணீருக்குள் போனது. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பழைய கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் தலைகாட்டும், சனம் பார்க்கப் போகும். இந்த மலைகளிலிருந்து கொழும்புக்கு வெளிச்சம் போன பிறகும் அதே மலைகளின் லயங்களில் குப்பிவிளக்கு எரிந்த ஆண்டுகள் குறைந்தது ஒரு தலைமுறைக் காலம். கம்பி தலைக்கு மேலால் போயிற்று.

ரோடும் அப்படித்தான் போகிறது என்று எனக்குப் பிடிபட்டது முதல் நாள் பிற்பகலில். காலையிலிருந்து எனக்குள் ஒரு கேள்வி. இந்த மலைகளில் ஆயிரக்கணக்கில் சனம் இருக்கிறது. லயங்கள் தெரிகின்றன, பேச்சுக் குரல் கேட்கிறது, கோவில் ஒலிபெருக்கி பாடுகிறது. ஆனால் ரோட்டில் ஆளில்லை. யாரும் என் எதிரே வருவதில்லை, யாரையும் நான் முந்துவதில்லை. பிறகுதான் கவனித்தேன். அவர்கள் ரோட்டில் நடப்பதில்லை, ரோட்டைக் கடக்கிறார்கள். மேலே தேயிலைக்குள்ளிருந்து ஒரு பெண் வெளிப்படுவாள், ரோட்டில் இரண்டே எட்டு வைப்பாள், கீழே தேயிலைக்குள் இறங்கிவிடுவாள். அந்த இடத்தில் குனிந்து பார்த்தால் மண்ணில் வெட்டிய படிகள், ஏணி சாய்த்த மாதிரி நேரே கீழே. குறுக்கு. ரோடு சுற்றிக்கொண்டு நாலு கிலோமீற்றரில் போகும் இடத்துக்குக் குறுக்கால் பத்து நிமிடம்.

அப்படிக் கடந்த ஒரு அம்மாவிடம் கதைத்தேன். முதுகில் கூடை இல்லை, உர மூட்டையில் விறகு.

“எங்கண்ணே போறீங்க இந்த ரோட்டுல? இது சுத்திக்கிட்டுல்ல போவும்.”

“சுத்திப் போகத்தான் வந்தனான், அம்மா.”

அவர் மூட்டையை மண்திட்டில் சாய்த்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். “நல்ல கததான். நாங்க ஏறி எறங்கி முட்டி போச்சு. இந்த ரோடு கொழுந்துக்குப் போட்டது. ஆளுக்கில்ல.”

அதற்குப் பிறகு நான் பார்த்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள்ளேதான் வந்து விழுந்தது. பறித்த கொழுந்து குலுங்கக் கூடாது, சூடேறக் கூடாது, வாடுமுன் தேயிலை ஸ்டோருக்குப் போய்ச் சேர வேண்டும். ஆகவே கொழுந்துக்கு மட்டமான ரோடு, லொறி. அதைப் பறித்தவள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்திலிருந்து மலைக்கு ஏறுவதும், பிள்ளைக் காம்பராவில் விட்ட குழந்தைக்குப் பால் கொடுக்க மத்தியானம் இறங்குவதும், மறுபடி ஏறுவதும் குறுக்கால். வாகனமில்லாத ரோடு என்று நான் கொண்டாடியது, வாகனம் வராத ரோடு. பஸ் இல்லை என்பது சைக்கிள்காரனுக்குச் சொர்க்கம். எட்டு மாதக் கர்ப்பிணிக்கு அது கொழுந்து லொறியின் பின்தட்டு. பிரசவத்துக்குக் கொழுந்து லொறியில் போன கதை இல்லாத லயம் மலையகத்தில் அபூர்வம். நான் கேட்காமலே இரண்டு பேர் சொன்னார்கள்.

ரோடுகள் இப்படியே நின்றுபோனதற்குச் சட்டமும் ஒரு காரணம். தோட்டங்களை அரசாங்கம் 1972, 1975 சட்டங்களால் எடுத்துக்கொண்டது. 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளுக்குக் கொடுத்தது. நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, ரோடு தோட்டத்துக்குள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின்படி சபை தன் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க முடியாதிருந்தது. தோட்டத்துச் சனம் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த உறுப்பினர், தன் சொந்த லயத்துக்குப் போகும் ரோட்டில் ஒரு கூடை கல் போட முடியாமல் இருந்தார். அந்தப் பிரிவைத் திருத்தியது 2018இல். திருத்தியபின் ரோடுகள் உடனே தாராகிவிடவில்லை என்பதை என் பின்சில்லு சாட்சி சொல்லும். சில இடங்களில் கொங்கிறீட் போட்டு, யார் காலத்தில் போட்டது என்று கல்வெட்டும் நட்டிருக்கிறார்கள். கல்வெட்டு ரோட்டைவிடக் கனமாக இருந்தது.

தோட்டத்துக் கேற்றுகளால் வெளியாள் நுழைவதே ஒரு காலத்தில் குற்றம். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேஷத்தில்தான் தோட்டங்களுக்குள் போய் லயத்துச் சனத்தின் நிலைமையை அறிந்தார் என்பது வரலாறு. புடவை விற்பவனுக்கு மட்டும் வாசல் திறந்தது. பிறகு அவர் ஹட்டனிலேயே வந்து இருந்து, 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் பாட்டாகப் பாடிச் சனத்தைக் கூட்டினார். புடவை மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடேசய்யர் இந்த வளைவுகளால் நடந்தாரா, குறுக்கால் ஏறினாரா என்று யோசித்துக்கொண்டே உழக்கினேன். ரோட்டால் போயிருந்தால் துரையின் குதிரை எதிரே வந்திருக்கும். குறுக்கால்தான் போயிருக்க வேண்டும். இது என் ஊகம்.

என்னை நிறுத்தியவர் ஒரேயொரு காவல்காரர். கேற்றில் பெயர் எழுதச் சொன்னார். சைக்கிளில் என்ன இருக்கிறது என்று கேட்டார். தண்ணீர்ப் போத்தலும் டியூப்பும் பம்பும். “ஒலகம் பூரா இப்ப இதுலதான் சுத்துறாங்க” என்றார். வெள்ளைக்காரர்கள் வருகிறார்களாம். வருகிறார்கள்தான். பீக்கோ டிரெயில் என்று ஒரு நெடுவழியைச் சில வருடங்களாக வகுத்திருக்கிறார்கள். கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் முதல் வணிகத் தேயிலைத் தோட்டம் வைத்த லூல்கந்துரையைக் கடந்து, ஹட்டன் பக்கம் இறங்கி, ஊவா வரை போய்த் திரும்பி, நுவரெலியாவின் பீட்றுத் தோட்டத்தில் முடியும். 22 துண்டுகள், 300 கிலோமீற்றருக்கு மேல். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் பணம் கொடுத்தன. புதிதாக ரோடு எதையும் வெட்டவில்லை, பழைய கரத்தை ரோடுகளைத்தான் கோத்தார்கள். நல்ல வேலை என்றே நினைக்கிறேன். நடப்பவர்கள் லயத்துக்குப் பக்கத்தில் ரொட்டியும் பிளேன்டியும் வாங்குகிறார்கள், சில வீடுகளில் தங்குகிறார்கள். இருந்தாலும் மலையகத்தை நடந்து பார்க்க வேண்டுமென்றால் எனக்குப் பிடித்த நடை வேறொன்று. 2023இல், வந்து இருநூறு வருடமானதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையகத்தவர்களே நடந்தார்கள். முன்னோர் இந்தியாவிலிருந்து வந்து இறங்கி, காடுகளுக்குள்ளால் ஏறிய வழி. அந்த வழிக்கு யாரும் சாய்வு பார்த்து முளை அடிக்கவில்லை.

நோர்வூட்டில் இரவு. காலையில் பொகவந்தலாவைக்கு. இந்தத் துண்டை நான் மறுபடி மறுபடி ஓடச் சம்மதிப்பேன். பள்ளத்தாக்கு அகலமாக, அடி தட்டையாக, நடுவே ஆறு. பெரிய ரோடும் பெரிதாக ஏறாது. அதை விட்டு ஆற்றுக்கு அக்கரைத் தோட்டத்து ரோட்டைப் பிடித்தால் ஏற்றமென்று சொல்ல ஒன்றுமில்லை. இருபுறமும் தேயிலை இடுப்பு உயரத்தில் வெட்டிச் சமன் செய்த மேசை. கவ்வாத்து வெட்டிய மலைகள் மட்டும் மொட்டையாக, கறுத்த தண்டுகளோடு. கிரவிலியா மரங்களின் நிழல் ரோட்டில் கோடு கோடாக விழ, வெயில் சுடாமல் இருந்தது. ஆற்றோரச் சேற்று நிலத்தில் மரக்கறிப் பாத்திகள், லீக்ஸும் கோவாவும். அந்த ஒரு துண்டை வெட்டி ஒட்டினால் மைத்துனர் அனுப்பும் படத்திலிருந்து வேறுபடுத்துவது கஷ்டம். பின்னாலே மலை வந்து காட்டிக்கொடுக்கும்.

நோர்வூட் மைதானத்தில்தான் 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி பேசினார். அன்றைக்கு டிக்கோயாவில் 150 கட்டில் ஆஸ்பத்திரியைத் திறந்துவைத்தார். 1990 என்ற இலக்கத்துக்குக் கூப்பிடும் அம்புலன்ஸ் சேவையை எல்லா மாகாணங்களுக்கும் விரிப்பதாக அறிவித்தார். வந்தது. கூப்பிட்டால் வருகிறது. எங்கே வரை வருகிறது என்று நோர்வூட்டில் தேத்தண்ணிக் கடைத் தம்பியிடம் கேட்டேன். “கொங்கிறீட்டு முடியிற எடம் வரைக்கும் வரும்ணே. அங்கருந்து நாங்க தூக்கிட்டுப் போவோம்.”

பொகவந்தலாவையில் சென் மேரிஸ் தேவாலயத்தின் முற்றத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் புதைக்கப்பட்டிருக்கிறார். டார்வினையும் டெனிசனையும் படம் பிடித்த அம்மையார். கல்கத்தாவில் பிறந்து, இங்கிலாந்தில் பெயரெடுத்து, கடைசியில் கணவரின் தோட்டங்களுக்காகச் சிலோனுக்கு வந்து, 1879இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இறந்தார். இங்கே வந்தபின் தொழிலாளரையும் படம் எடுத்தார். படங்களில் அவர்களின் முகம் இருக்கிறது, பெயர் இல்லை. கல்லறை சின்னது. சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன், அவ்வளவுதான்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பந்தயச் சைக்கிள் வேண்டாம், அதன் மெல்லிய டயரைக் கல் கிழித்துவிடும். அகல டயர் போட்டது, கியர் உள்ளது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பிரேக் பிடிப்பது. சமதளம் சமதளம் என்று நான் சொன்னாலும் ஒரு மட்டத்து ரோட்டிலிருந்து அடுத்த மட்டத்துக்கு மாறும் இடங்களில் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்லது. மழைக்காலத்தில் அட்டை. கேற்றில் பெயர் எழுதுங்கள். பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு வானம் இருண்டால் வாதாடாமல் கூரை தேடுங்கள். மூட்டையோடு குறுக்கால் இறங்குபவர் ரோட்டைக் கடக்கும்போது மணி அடிக்காதீர்கள், நின்றுவிடுங்கள். அவர்களுக்கு நிற்கிற வசதி இல்லை.

பொகவந்தலாவையிலிருந்து வழி தயாகமைக்குப் போகிறது. அது வேறு கதை, மலை தன் மலைத்தனத்தைக் காட்டத் தொடங்கும் இடம். என் கால் அங்கே போகவில்லை. திரும்பும் வழியில் ஒரு தோட்டத்தில் பின்டயர் காற்று இறங்கியது. டியூப் மாற்றி முடிக்கும்போது மணி நாலரை. கொழுந்து நிறுக்கும் நேரம். ரோட்டோர மடுவத்துக்கு நாலு பக்கக் குறுக்குகளாலும் பெண்கள் இறங்கி வந்தார்கள். கூடையையும் சாக்கையும் இறக்கிவைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தார்கள். தொங்கும் தராசுக்குப் பக்கத்தில் கணக்கப்பிள்ளை கொப்பியோடு நின்றார். பதினெட்டு, இருபது என்று தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும் கிலோக் கணக்கு நிரம்பினால்தான் முழுப்பேர், அதாவது முழுநாட் சம்பளம்; இல்லாவிட்டால் அரைப்பேர். 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் ஏறிய நாட்சம்பளம் எல்லாம் இந்தத் தராசின் வழியாகத்தான் கைக்கு வருகிறது.

சைக்கிளின் விலையைக் கேட்டாள் ஒரு தங்கச்சி. சொன்னேன். அவள் பக்கத்தில் நின்றவளிடம் திரும்பி, “எத்தன பேருடி வரும்?” என்று கேட்டாள். இரண்டு பேரும் விரல் மடித்து எண்ணி, நடுவில் விட்டுவிட்டார்கள்.

லொறி வந்தது. சாரதி இறங்கி என் டயரை அமுக்கிப் பார்த்து, பெரிய ரோடு வரை ஏற்றிக்கொண்டு போவதாகச் சொன்னார். பெண்கள் யாரும் ஏறவில்லை. லயம் மேலே, லொறி கீழே. சாக்குகளுக்கு நடுவே சைக்கிளைத் தூக்கிப் போடக் கணக்கப்பிள்ளையே ஒரு கை கொடுத்தார். கடைசியாக நிறுத்துவிட்டுப் படியில் ஏறப் போன ஒரு கிழவி திரும்பி நின்று சத்தம் போட்டார்.

“கணக்கப்புள்ள! அந்த அண்ணனோட சைக்கிளயும் நிறுத்துப் போடு. சாக்குக்கு ஒரு கிலோ, தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிக்க மறந்துறாத.”

மடுவமே சிரித்தது. கணக்கப்பிள்ளை மட்டும் கொப்பியில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.